'டாக்' எப்படி உருவாகிறது? புதுப்படக் கருத்துகளைப் படிக்க ஓர் அரிச்சுவடி

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி. ஒரே படத்தைப் பற்றி ஒருவர் "தீ" என்கிறார், இன்னொருவர் "தலைவலி" என்கிறார், மூன்றாமவர் "ஒரு தடவ பாக்கலாம்" என்று முடித்துக்கொள்கிறார். மூவருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். எந்த ஊரில், எந்தக் காட்சியில், எதை எதிர்பார்த்து, யார் காசில் பார்த்தார்கள் என்பது மாறினால் கருத்தும் மாறும். புதுப்படக் கருத்தைப் படிக்கப் பழகுவது என்றால் இந்த நாலு கேள்விகளையும் கேட்கப் பழகுவதுதான்.

சினிமா வட்டாரத்தில் இதற்கு 'டாக்' என்று பெயர். "டாக் நல்லா வந்திருக்கு", "டாக் ஸ்பிளிட்டா இருக்கு" என்பார்கள். விமர்சனம் வேறு, டாக் வேறு. விமர்சனம் ஒருவர் உட்கார்ந்து எழுதுவது. டாக் என்பது பார்த்தவர் பார்க்காதவரிடம் டீக்கடையில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ஆபீஸ் லிஃப்டில் சொல்வது. முதல் மூன்று நாள் வசூல் டிரெய்லருக்கும் நட்சத்திரத்துக்கும் வருவது. நாலாம் நாளிலிருந்து டாக்குக்கு வருவது.

கடிகாரத்தைப் பாருங்கள்

ஒரு கருத்தைப் படித்ததும் அது பதிவான நேரத்தைப் பார்ப்பது முதல் வேலை. பெரிய நட்சத்திரப் படங்களுக்கு அமெரிக்காவில் முந்தைய நாள் மாலையே பிரீமியர் காட்சி இருக்கும். நியூயார்க்கில் கோடைக்காலத்தில் மாலை 6 மணி என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 3.30. இரண்டே முக்கால் மணி நேரப் படம் என்றால், ஆறேகாலுக்கெல்லாம் முழுப் படத்தையும் பார்த்தவர்கள் எழுதத் தொடங்கிவிடுவார்கள். தமிழ்நாட்டிலோ முதல் காட்சி 9 மணிக்குத்தான். 2023 பொங்கல் வெளியீட்டின்போது சென்னையில் நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில் ரசிகர் ஒருவர் உயிரிழந்த பிறகு, 9 மணிக்கு முன்னால் காட்சி போட அரசு அனுமதிப்பதில்லை. அதே ஆண்டு அக்டோபரில் 'லியோ' படம் கேரளத்தில் அதிகாலை 4 மணிக்கே ஓடியது. இங்கே தயாரிப்பாளர் நீதிமன்றம் வரை போயும் 9 மணிதான் கிடைத்தது. ஆகவே சென்னையில் முதல் ஆள் திரையரங்குக்குள் நுழையும்போதே, பாலக்காட்டிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் வந்த கருத்து அவர் கைப்பேசியில் காத்திருக்கும். அந்தக் கூட்டமும் நம்மூர்க் கூட்டமும் ஒன்றல்ல. அமெரிக்காவில் டிக்கெட் விலை அதிகம், வார நாள் மாலையில் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறவர் தீவிர ரசிகர். அவர் பாராட்டினாலும் ஏமாந்தாலும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

காலை 9 மணிக் காட்சிக்கு இடைவேளை ஏறக்குறைய பத்தரை மணிக்கு. 10.35-க்கு "ஃபர்ஸ்ட் ஹாஃப் வெறித்தனம்" என்று ஒரு அலை வரும். இது பாதிப் படத்துக்கான கருத்து, அதுவும் இடைவேளைக் காட்சியின் சூட்டில் வந்தது. நம் படங்களில் இடைவேளைக்கு முந்தைய பத்து நிமிடத்தைத் தனியாகச் செதுக்குவார்கள். அந்த வேகத்தில் வெளியே வருகிறவர், முதல் நாற்பது நிமிடம் கொட்டாவி விட்டதை மறந்திருப்பார். 11.50-க்குப் பிறகு வருவதுதான் முழுப் படத்துக்கான கருத்து. பத்து மணிக்கு முன்பே "முழு விமர்சனம், 5-க்கு 4.25" என்று ஒன்று வந்தால், அவர் பத்திரிகையாளர் காட்சியில் பார்த்தாரா, கேரளம் மாதிரி வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ பார்த்தாரா என்று தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் அவர் படமே பார்க்கவில்லை.

சனிக்கிழமை மேட்னிக்குப் பிறகு வரும் கருத்துக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். ரசிகர் மன்றக் கூட்டம் வடிந்து, மனைவி குழந்தைகளோடு வருகிறவர்கள் உட்காரத் தொடங்கும் நேரம் அது. விசில் சத்தம் இல்லாமல் படம் தன் சொந்தக் காலில் நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

வாசல் மைக்

திரையரங்க வாசலில் மைக்கை நீட்டி எடுக்கும் 'பப்ளிக் ரிவ்யூ' பார்க்க ஜாலியாக இருக்கும், அளவுகோலாக உதவாது. படம் சுமார் என்று நினைப்பவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மைக் முன்னால் நிற்பவர் ஒன்று கொண்டாடுகிறவர், அல்லது கோபத்தில் இருப்பவர். முப்பது பேரிடம் எடுத்ததை எட்டு பேராக வெட்டும்போது, பெரிய சத்தம் மட்டும் மிஞ்சும். நடுவில் இருக்கும் 'பரவாயில்ல' கூட்டம் முழுக்கக் காணாமல் போகிறது. பெரும்பாலான படங்களுக்கு அந்தக் கூட்டம்தான் பெரும்பான்மை.

இந்த மைக்கின் பலம் தயாரிப்பாளர்களுக்குத் தெரியும். 2024 நவம்பரில், திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை அனுமதிக்கக் கூடாது என்று தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனத்தையே தடுக்க வேண்டும் என்று இன்னொரு தயாரிப்பாளர் அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. காசு கொடுத்துப் பார்த்தவன் வாயை மூன்று நாள் மூடிவைப்பது நடக்கிற காரியமும் இல்லை.

காசு வாங்கிக்கொண்டு எழுதும் கருத்துகளும் உண்டு, புகழவும் திட்டவும். அடையாளம் காண்பது அப்படியொன்றும் கடினமில்லை. ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு, பத்து கணக்குகளில் பத்து நிமிடத்துக்குள் வந்தால் அது எங்கோ எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்தக் கணக்கின் பழைய பதிவுகளைப் பாருங்கள்: கடைசி இருபது படங்களில் எத்தனையை நன்றாக இல்லை என்று சொல்லியிருக்கிறார்? ஒன்றுகூட இல்லையென்றால் இருபத்தோராவதுக்கு அவரைக் கேட்டுப் பயனில்லை. குறிப்பிட்ட ஒரு நடிகரின் படத்தை மட்டும் திட்டுகிறவருக்கும் இதே கணக்குதான்.

எண்கள் என்ன சொல்கின்றன

புதிதாகப் படிக்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஹாலிவுட் படம் பார்ப்பவர்கள் முதலில் தேடுவது, விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதம். அங்கே 90 என்று இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நூறு விமர்சகர்களில் தொண்ணூறு பேர் 'பார்க்கலாம்' என்ற பக்கம் நின்றார்கள் என்பது மட்டுமே பொருள். எவ்வளவு பிடித்தது என்பது அந்த எண்ணுக்குள் இல்லை.

இரண்டு படங்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் படத்துக்குப் பத்து விமர்சகர்களும் 10-க்கு 6 தருகிறார்கள். எல்லோருக்கும் பரவாயில்லை, யாருக்கும் பெரிதாகப் பிடிக்கவில்லை. இதன் சதவீதம் 100. இரண்டாவது படத்துக்கு ஏழு பேர் 10-க்கு 10 தருகிறார்கள், மூன்று பேர் வெறும் 3. சதவீதம் 70; சராசரியோ 7.9. 'நூறு சதவீதப்' படம் நாளைக்கே மறந்துபோகும், '70 சதவீதப்' படத்தைப் பற்றி வருடக்கணக்கில் சண்டை போடுவார்கள். அந்தத் தளத்தில் 60 சதவீதமும் அதற்கு மேலும் சிவப்புத் தக்காளி, அதற்குக் கீழே பச்சைக் கறை. 59-க்கும் 60-க்கும் இடையே இருப்பது ஒருவரின் மனநிலை.

மெட்டாகிரிட்டிக் வேறு கணக்கு. அங்கே ஒவ்வொரு விமர்சனத்துக்கும் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போட்டு, சில விமர்சகர்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். 61-உம் அதற்கு மேலும் பச்சை, 40 முதல் 60 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. மேலே சொன்ன முதல் படம் இங்கே கிட்டத்தட்ட 60-இல் மஞ்சளாக நிற்கும், இரண்டாவது 80-ஐ ஒட்டிப் பச்சையில் இருக்கும். இரண்டு தளங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் உருவம் பிடிபடும்: எத்தனை பேருக்குப் பிடித்தது என்று ஒன்று சொல்லும், எவ்வளவு பிடித்தது என்று மற்றொன்று சொல்லும்.

தமிழ்ப் படங்களுக்கு இவை இரண்டும் அவ்வளவாக உதவாது. நம் படத்துக்கு அங்கே பதிவாகும் விமர்சனங்கள் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஐந்து பேரில் ஒருவர் மாறினால் இருபது சதவீதம் மாறிவிடும்.

நாம் அதிகம் பார்ப்பது ஐஎம்டிபி. அங்கே முதல் வார இறுதியில் தெரியும் 9.2-ஐ நம்பாதீர்கள். அந்த எண்ணைத் தொட்டால் 1 முதல் 10 வரை யார் எவ்வளவு போட்டார்கள் என்று கம்பிகள் விரியும். நேர்மையாக வாக்கு விழுந்த படத்துக்கு 6, 7, 8 பக்கம் மேடு தெரியும். ஓரங்களில் சரிவு இருக்கும். 10-இல் ஒரு பனைமரமும் 1-இல் ஒரு பனைமரமும் நின்று நடுவில் பொட்டல்காடாக இருந்தால், அங்கே நடப்பது ரசிகர் சண்டை. இப்படி நடக்கும்போது சில சமயம் தளமே, வாக்களிப்பு வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்று ஒரு குறிப்பைப் போடும். இரண்டு மூன்று வாரம் கழித்து, ஓடிடியிலும் வந்த பிறகு, எண் இறங்கி ஓரிடத்தில் நிலைக்கும். அப்போது பாருங்கள்.

புக்மைஷோ மதிப்பீட்டில் ஒரு நல்ல விஷயம், டிக்கெட் எடுத்தவர்களுக்குப் படம் முடிந்ததும் 'எப்படி இருந்தது' என்று கேட்டுச் செய்தி போகும். ஆனால் டிக்கெட் எடுத்தவர் முன்பே அந்தப் படம் பிடிக்கும் என்று முடிவு செய்தவர்; இருநூறு ரூபாயும் பார்க்கிங் காசும் கொடுத்துவிட்டு 'மோசம்' என்று ஒப்புக்கொள்ள மனசு வராது. அதனால் அங்கே எண்கள் எப்போதும் மேலேயே மிதக்கும். 8-ஐச் சராசரி என்று வைத்துக்கொள்ளுங்கள், 7-க்குக் கீழே போனால் யோசியுங்கள். வெளியீட்டுக்கு முன்னால் தெரியும் 'ஆர்வம் உள்ளவர்கள்' எண்ணிக்கை, படம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு எந்த விடையும் தராது.

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம், முதல் நாள் பார்வையாளர்களிடம் திரையரங்க வாசலிலேயே சீட்டுக் கொடுத்து, ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் கேட்கும். இது அளப்பது எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள தூரத்தை. நகைச்சுவைப் படம் என்று விளம்பரம் செய்து சோகப் படம் காட்டினால், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தரம் விழும். பேய்ப் படங்களுக்கு இங்கே பொதுவாகவே தரம் குறைவு. நம்மூரிலும் இதே விதி உண்டு, அளப்பதற்கு ஆள்தான் இல்லை. டிரெய்லரில் சண்டையாகக் காட்டிவிட்டு உள்ளே குடும்பக் கதை சொன்னால், முதல் நாள் வருபவர் ஏமாந்து திட்டுவார். அந்தக் குடும்பக் கதையைப் பார்த்திருக்க வேண்டியவர், டிரெய்லரைப் பார்த்துப் பயந்து வீட்டிலேயே இருந்திருப்பார்.

நாற்காலி பொய் சொல்லாது, கொஞ்சம்தான் சொல்லும்

கருத்துகளையெல்லாம் விட்டுவிட்டு, நாற்காலிகளை எண்ணிப் பாருங்கள். டிக்கெட் செயலியில் இருக்கை வரைபடம் யாருக்கும் தெரியும். அதைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது.

மூன்று திரையரங்குகளைத் தேர்ந்தெடுங்கள். நகரத்தில் ஒரு மல்டிபிளெக்ஸ், புறநகரில் ஒரு தனித் திரையரங்கு, திருச்சி, சேலம் மாதிரி வேறொரு ஊரில் ஒன்று. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் நாலு நாளும் ஒரே மாலைக் காட்சியை, தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பாகத் திறந்து, போன இருக்கைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளியைவிடச் சனி கூடியிருந்தால் டாக் வேலை செய்கிறது. சனி குறைந்தால் முதல் நாள் பார்த்தவர்கள் யாரையும் அனுப்பிவைக்கவில்லை. திங்கள்தான் பரீட்சை நாள்: வெள்ளி மாலையில் பாதியாவது திங்கள் மாலையில் தேறினால் படம் நிற்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே என்றால், அடுத்த வெள்ளிக்குப் புதுப்படம் வந்ததும் இதைத் தூக்கிவிடுவார்கள்.

இதில் தவறு நேரும் இடங்கள் சில உண்டு. சதவீதத்தைப் பார்க்காமல் இருக்கைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். வெள்ளியன்று எட்டுக் காட்சி, திங்களன்று மூன்றே காட்சி என்று குறைத்துவிட்டால், அந்த மூன்றும் நிரம்பி 'ஹவுஸ்ஃபுல்' என்று தெரியும். மொத்தமாக வந்தவர்களோ பாதிக்கும் கீழே. சிறு ஊர்களில் டிக்கெட்டின் பெரும்பகுதி கவுன்ட்டரில் போகும், செயலி காலியாகக் காட்டும். அங்கே மாலை வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தவர் சொல்வதுதான் கணக்கு. சாம்பல் நிறத்தில் தெரியும் இருக்கை எல்லாமே விற்றதாகவும் இருக்காது, திரையரங்கே பிடித்து வைத்திருக்கலாம். மக்கள் தாங்களாக எடுக்கும்போது கடைசி வரிசையின் நடுவிலிருந்து இரண்டு, மூன்று, நாலாக நிரம்பும், இடையிடையே ஒற்றை நாற்காலி ஓட்டையாக விழும். பின்வரிசை காலியாகக் கிடக்க, முன்வரிசைகள் மட்டும் ஓட்டையே இல்லாமல் முழுசாக நிரம்பியிருந்தால், யாரோ மொத்தமாக வாங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட இடமுண்டு. பொங்கல், தீபாவளி வாரத்தில் இந்தப் பரீட்சையை ஒத்திப் போடுங்கள். விடுமுறையில் எந்தப் படத்துக்கும் திங்கள் விழாது.

டாக் மட்டுமே தூக்கி நிறுத்திய படத்துக்கு 2024 பிப்ரவரியில் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' நல்ல உதாரணம். மலையாளப் படம், தமிழில் டப் செய்யாமலே வந்தது, இங்கே அதன் நடிகர்களுக்கு ரசிகர் மன்றம் கிடையாது. கொடைக்கானல் குணா குகைக் கதையும் அதில் ஒலித்த பழைய பாட்டும் வாய் வழியாகப் பரவி, காட்சிகள் கூடிக்கொண்டே போயின. 2025 மே 1-இல் பெரிய நட்சத்திரப் படங்களோடு மோதிய 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் அப்படித்தான். இப்படிப்பட்ட படங்களுக்கு முதல் நாள் இருக்கை வரைபடம் ஒன்றுமே சொல்லியிருக்காது.

வசூல் போஸ்டரைக் கருத்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "மூன்று நாளில் 100 கோடி" என்பது எத்தனை பேர் ஆசைப்பட்டு வந்தார்கள் என்பதற்குச் சான்று; திருப்தியாகப் போனார்களா என்பதற்கு இல்லை. அந்த 100 கோடி பெரும்பாலும் கிராஸ், அதாவது டிக்கெட் விலையின் மொத்தம். அதில் வரி போகும். மீதியில் திரையரங்கு தன் பங்கை எடுக்கும். அதற்குப் பிறகு விநியோகஸ்தர் கைக்கு வருவதுதான் ஷேர். தோராயமாகக் கிராஸில் பாதிக்குக் கொஞ்சம் முன்பின்னாக நிற்கும்.

படத்தின் குறையா, ஹாலின் குறையா

"வசனமே புரியல", "காது கிழிஞ்சுது", "படம் முழுக்க இருட்டு" என்ற மூன்று புகார்களும் வரும்போது எந்தத் திரையரங்கு என்று கேளுங்கள். ஒலிக்கலவை செய்யும் அறையில் டால்பி கருவியின் ஒலியளவை 7 என்ற நிலையில் வைத்துத்தான் படத்தை முடிப்பார்கள். திரையரங்குகளில் அதை 5, 4 என்று இறக்கி வைப்பது வழக்கம், போன வாரம் யாராவது சத்தம் அதிகம் என்று சொல்லியிருப்பார்கள். இறக்கினால் மெதுவாகப் பேசும் வசனம் முதலில் காணாமல் போகும். வெளிச்சமும் அப்படித்தான்: 2டி படத்துக்குத் திரையில் 14 ஃபுட்லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழ வேண்டும் என்பது தரம். புரொஜக்டரின் விளக்கு பழசானால் அது குறையும். 3டி கண்ணாடி போட்டால் பாதிக்கும் கீழே போய்விடும். இரவுக் காட்சிகள் நிறைந்த படத்தை அப்படி ஒரு ஹாலில் பார்த்துவிட்டு ஒளிப்பதிவாளரைத் திட்டுவது பாவம். வேறு வேறு ஊர்களிலிருந்து அதே புகார் வந்தால்தான் குறை படத்தில் இருக்கிறது.

2024 நவம்பரில் வந்த 'கங்குவா' அப்படி ஒரு படம். சத்தம் தாங்கவில்லை என்று எல்லா ஊர்களிலிருந்தும் வந்தது. ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தயாரிப்பாளர் திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். சில நாள்களில் படத்தின் நீளத்திலும் 12 நிமிடம் வெட்டினார்கள். அதே ஆண்டு ஜூலையில் வந்த 'இந்தியன் 2'-இலும் அவ்வளவு நேரமே வெட்டப்பட்டது. ஆகவே "இரண்டாம் பாதி இழுவை" என்று முதல் நாள் எழுதியதை வைத்து ஐந்தாம் நாள் முடிவெடுக்கும்போது, இடையில் வெட்டினார்களா என்று செயலியில் ஓடும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில சமயம் அந்த நேரத்தைச் செயலியில் மாற்றாமலே விட்டுவிடுவார்கள் என்பது தனிச் சோகம்.

சொல்லும் பொருளும்

விமர்சன மொழிக்கு ஓர் அகராதி தேவை. "கேமரா பிரமாதம், ஆர்ட் டைரக்ஷன் பிரமாதம்" என்று தொடங்கினால் கதையைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. "ரசிகர்களுக்கு விருந்து" என்றால் மற்றவர்களுக்கு இலை போடவில்லை. "ஒரு தடவ பாக்கலாம்" என்பது ஓடிடியில் வரும்வரை பொறுக்கலாம் என்பதன் மரியாதையான வடிவம். "குடும்பத்தோட பாக்கலாம்" என்பதில் பெரும்பாலும் வெட்டுக்குத்தும் இரட்டை அர்த்தமும் இல்லை என்ற தகவல் மட்டும் உண்டு, நன்றாக இருக்கிறது என்ற உறுதி இல்லை. "லேக்", அதாவது இழுவை, என்ற சொல்லை மட்டும் தோண்டிக் கேளுங்கள்: எந்த இடத்தில்? பாட்டிலா, ஃபிளாஷ்பேக்கிலா, கிளைமாக்ஸுக்கு முன்னாலா? இடம் சொல்லத் தெரிந்தவர் கவனித்துப் பார்த்தவர். பொதுவாக "லேக்" என்பவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

அதனால்தான் ஆயிரம் பேரின் சராசரியைவிட, உங்கள் ரசனை தெரிந்த மூன்று பேர் உதவுவார்கள். அவர்கள் உங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்றுகூட இல்லை. உங்களுக்குப் பிடித்த படத்தையெல்லாம் தவறாமல் திட்டும் ஒரு விமர்சகர் கிடைத்தால் அவரையும் பின்தொடருங்கள். அவர் "மெதுவாக நகர்கிறது, ஒன்றுமே நடக்கவில்லை" என்று எழுதினால் நீங்கள் தைரியமாக டிக்கெட் போடலாம். இதைச் சரிபார்க்க, கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் பார்த்த பத்துப் படங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்னதையும் உங்களுக்குத் தோன்றியதையும் எதிரெதிரே குறியுங்கள். எட்டுக்கு மேல் ஒத்துப்போனாலும் உதவும், எட்டுக்கு மேல் முரண்பட்டாலும் உதவும். ஐந்து, ஆறு என்று நடுவில் நின்றால் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

நீங்களே கருத்துச் சொல்லும்போது எந்தத் திரையரங்கு, எந்தக் காட்சி, எந்த மொழிப் பதிப்பு என்பதை முதல் வரியில் போடுங்கள். டப்பிங் பதிப்பைப் பார்த்துவிட்டு நடிப்பைக் குறை சொல்பவர்கள் நிறைய. அங்கே நீங்கள் கேட்டது வேறொருவர் குரல். கதையில் முதல் இருபது நிமிடத்துக்குள் தெரிவதை மட்டும் சொல்லலாம். சிறப்புத் தோற்றத்தில் யார் வருகிறார் என்பதைச் சொல்லவே சொல்லாதீர்கள். இரவுக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தவர் அந்த ஒரு கைதட்டலுக்காகவும்தான் போகிறார்.